கம்பெனி பார்க்கும் படலம்

தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆயிருச்சா! சரி விடுங்க, அப்ப நிம்மதியாப் பேசலாம். ஆகலீன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, பஸ்ஸு அவிநாசி தாண்டறதுக்குள்ள உங்க நட்சத்திரம், குலதெய்வம், உங்க சித்தப்பா எந்த ஆபீஸ்ல இருக்கறாரு, அத்தனையும் கேட்டு வாங்கிப்போட்டிருப்பேன். தொழில்புத்தி, என்ன பண்றதுங்க? ஆமாங்க, கல்யாணத் தரகருங்க. சென்னியப்பன்னு சொன்னா கோபி வட்டாரத்துல தெரியாதவங்க இல்லீங்க. காதுல சொருகியிருக்கறதைக் கழட்டி வெச்சுருங்க. பாட்டு எங்க போயிரப் போகுது? எனக்கு ஒரு நாயம் சொல்லோணும் நீங்க. தப்பு எம்மேலயா, எம்பட புள்ள காலேஜ்காரங்க மேலயான்னு முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

எனக்கு ஒரே புள்ளைங்க, இந்துஜா. பி.காம். மூணாவது வருசம். அவ காலேஜ்ல ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. இந்தப் புள்ளைங்க நல்லாத்தான் படிக்குது, மார்க்கு வாங்குது, ஆனா நாலு பேரு முன்னால நின்னு பேசச் சொன்னா நெலத்தைப் பாக்குது, அதனால வேலை கெடைக்க மாட்டீங்குதுன்னு கண்டுபுடிச்சிருக்கறாங்க. அதுக்காக, அதே காலேஜ்ல முன்னால படிச்சு இப்ப நல்ல எடத்துல இருக்கறவங்களைப் புடிச்சு, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒருத்தருன்னு வழிகாட்டியா வெச்சாங்க. மென்டர்ங்கறாங்க. எம்பட புள்ளைக்கு வாய்ச்சவங்க ஜெசிந்தா மேடம். கோயமுத்தூர்ல பம்பு செய்யற கம்பெனில, வேலைக்கு ஆள் எடுக்கற பிரிவுல இருக்கறாங்க. சனிக்கெழமையானா போன்ல கூப்புட்டு, இப்புடிப் பேசு, அப்புடிக் கேளுன்னு சொல்லித் தருவாங்க.

ஒரு நாள் சாப்புட உக்காந்திருக்கறோம். புள்ள சொல்றா, "அப்பா, இந்த மாசம் எனக்கு நெட்வொர்க்கிங் பண்ணச் சொல்லியிருக்கறாங்க. முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்ட நானாப் போய்ப் பேசோணும். அவங்க என்ன வேலை பண்றாங்க, அந்த வேலைக்கு எப்புடி வந்தாங்க, அதுல என்ன சிரமம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்."

எடுத்த சோத்தை வட்டல்லயே போட்டுப்போட்டுச் சிரிச்சேன் பாருங்க, எனக்குப் பொறையேறிப் போச்சு. "ஏங் கண்ணு, இதுக்கா ஒரு மேடம்? உங்கப்பன் காலங்காலமாப் பண்றது என்னன்னு நெனச்ச? இதே தொழில்தான் அம்மிணி! நீ போய்ப் படுத்துத் தூங்கு, நான் பாத்துக்கறேன்"னேன்.

எம்பட சம்சாரம் ருக்குமணி, "நீங்க சித்த சும்மா இருங்க மாமா, அது அவ படிப்பு"ன்னா. பொம்பளைங்களுக்குத் தொழில் சூட்சுமம் எங்கீங்க தெரியும்?

அதுல ஒரு அவசரமும் இருந்துச்சு, அதையும் சொல்லிப்போடறேன். சத்தியமங்கலத்துல இருந்து அவளுக்கு ஒரு வரன் வந்து நின்னுட்டு இருக்குது. தங்கமான எடம். வாழைத்தோப்பு, டிராக்டர் ஷோரூம், பையன் தண்ணிகூட அளந்துதான் குடிப்பான். நான் புள்ளைகிட்டத் தெளிவாச் சொல்லிப்போட்டேன். பங்குனி முடியறதுக்குள்ள வேலை கெடைச்சா சரி, இல்லீன்னா வைகாசில கல்யாணம். கெடைச்சாலும் வைகாசில கல்யாணந்தான், அது வேற விசயம். 'பொண்ணு வேலைல இருக்குது'ன்னு ஒரு வார்த்தை சேந்துதுன்னா சபைல பேசறதுக்கு ஒரு எடுப்பா இருக்கும்ல? அவ என்னடான்னா, "எனக்கு மெய்யாலுமே வேலைக்குப் போகோணும்பா. ரெண்டு மூணு வருசமாச்சும் எங்கால்ல நின்னு பாக்கோணும்"னு கண்ணு கலங்கறா. சின்னப் புள்ள, பேசட்டும்னு விட்டுட்டேன்.

சனிக்கெழமை மேடம் போன் வந்துச்சுங்க. நான்தான் எடுத்தேன். பெத்தவன் எடுக்கறதுதானுங்களே மொறை? "வணக்கமுங்க மேடம், நான் பொண்ணுக்கு அப்பன் பேசறேன்"னேன். அவங்க, "வணக்கங்க அப்பா, இந்துஜாகிட்டக் குடுங்க. இன்னைக்கு இன்டர்வியூ மாதிரி கேள்வி கேட்டுப் பழகப்போறோம்"னாங்க. "எங்கிட்டயே கேளுங்க"ன்னேன்.  அவங்க, புள்ளகிட்டக் கேக்கற மாதிரியே, "உன்னைப் பத்திச் சொல்லும்மா"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன் பாருங்க! புள்ள பொறந்த வருசத்துல ஆரம்பிச்சு, கோலம் போடறது, பேங்க்குக்குத் தனியாப் போய்ட்டு வர்றது, எதுத்துப் பேசாத கொணம் வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். பக்கத்துல நின்ன இந்துஜா தலைல அடிச்சுக்கறா. மேடம் கடைசில, "அப்பா, வேலைக்கு வரப்போறது இந்துஜாதானுங்களே, அவளே பேசட்டுமே"ன்னு தன்மையாச் சொன்னாங்க. நான் அவ்வளவு நல்லாப் பேசியும் அவங்களுக்குப் புரியலீங்க. சின்ன வயசு, அனுபவம் பத்தாது.

பொறவு அந்த ரெஸ்யூம். புள்ள ஒரு பக்கத்துல என்னத்தையோ அடிச்சு வெச்சிருந்தா. படிப்பு, மார்க்கு, 'காலேஜ் விழாவில் ஸ்டால் வரவு செலவு பார்த்தேன்' அப்புடின்னு வறவறன்னு கெடந்துச்சு. பாத்தா யாருக்குங்க ஆசை வரும்? நான் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோயி, மேல புள்ளையார் போட்டு, ஒசரம், நெறம், நட்சத்திரம், சொந்த ஊடு, வத்தாத கெணறு, தாய்மாமன் கரண்ட் ஆபீஸ்ல இருக்கறது எல்லாம் சேத்து, பட்டுச் சேலைல எடுத்த போட்டோவையும் வெச்சு, எம்பட வாட்சப்பு குரூப்பு அத்தனைக்கும் தட்டிவிட்டேன். 'கம்பெனி தேவை'ன்னு தலைப்புல போட்டேனுங்க, தப்பாப் போடலீங்க. ஆனா படிக்கற பழக்கம் யாருக்கு இருக்குது? கரூர்ல இருந்து, தாராபுரத்துல இருந்து, ஒருத்தரு துபாய்ல இருந்துகூடக் கூப்புட்டு, ஜாதகம் அனுப்புங்கன்னாங்க. ருக்குமணி ரெண்டு நாள் எங்கூடப் பேசலீங்க.

ஆனா பலனும் இருந்துச்சுல்ல! பெருந்துறைப் பக்கம் நல்லசாமின்னு ஒரு நூல்மில்லுக்காரரு. அவரு பையன் கல்யாணமே நான் முடிச்சு வெச்சதுதான். "சென்னியப்பா, ஆபீஸ் கணக்குக்கு ஒரு புள்ள வேணும், உம்பட மகளையே அனுப்பு"ன்னாரு. "வந்து பாத்துட்டுப் போங்க"ன்னேன். அவரும் மேனேஜரும் கார்ல வந்து எறங்கறாங்க. ருக்குமணியக் கெஞ்சிக் கூத்தாடி கேசரி, வாழைக்காய் பஜ்ஜி போட வெச்சேன். முன்னால ஜமக்காளம் விரிச்சாச்சு. எங்க பங்காளிக ரெண்டு பேரையும் வரச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டு உக்கார வெச்சேன். நம்ம பக்கம் ஆளு இருக்கோணும்லங்க?

இந்துஜா சுடிதாரு போட்டு, கைல பைலோட வந்து, அவங்களுக்கு எதுத்தாப்புல சேர்ல உக்காந்துட்டா. காபித் தட்டை நீட்டுனதுக்கு வாங்கலீங்க. சரி போகுதுன்னு நான் சமாளிச்சேன். மேனேஜரு, "கம்ப்யூட்டர்ல டேலி கணக்குத் தெரியுமாம்மா?"ன்னாரு. "தலைகீழாத் தெரியுமுங்க"ன்னேன். "வேலை நேரம் முன்னப்பின்ன ஆகும்"னாரு. "அதெல்லாம் சொல்லோணுங்களா? உங்க ஊட்டுப் புள்ள மாதிரி"ன்னேன். எல்லாம் வெண்ணெயா வழுக்கிட்டுப் போகுது. எந்திரிக்கற நேரத்துல புள்ள வாயத் தொறந்தா.

"எனக்கு முன்னால இந்த வேலைல இருந்தவங்க யாருங்க? இப்ப எங்க இருக்கறாங்க?"

நீங்களே சொல்லுங்க தம்பி, பொண்ணு பாக்க வந்த எடத்துல, மாப்பிள்ளைக்கு முன்னால ஏதாச்சும் சம்பந்தம் பேசி நின்னுபோச்சான்னு கேட்டா எப்புடி இருக்கும்? அந்தக் கேள்விங்க அது! நல்லசாமி பஜ்ஜிய மென்னுட்டே, "கல்யாணமாகிப் போயிட்டாங்க கண்ணு"ன்னாரு. அவ விடறாளா? "அவங்க நம்பர் இருந்தா குடுங்க, வேலையப் பத்திக் கேட்டுக்கறேன்"ங்கறா. மேனேஜரு கேசரியப் பாக்கறாரு, பங்காளிக எம்மூஞ்சியப் பாக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? "புள்ள வெளையாட்டுக்குக் கேக்குது. திங்கக்கெழமையே அனுப்பறேனுங்க"ன்னு கையக் கூப்பி, பேச்சுக் குடுத்து அனுப்பிவெச்சேன்.

திங்கக்கெழமை அவ போகலீங்க! பேச்சுக் குடுத்துட்டேனேன்னு குதிச்சேன். "அப்பா, நான் விசாரிச்சுப்போட்டேன்"னா. எப்புடி விசாரிச்சான்னு கேளுங்க. எல்லாம் அந்த ஜெசிந்தா மேடம் பண்ணுன வேலை. ஒரு கம்பெனியப் பத்தி முதலாளிகிட்டக் கேக்காத, அங்க வேலை செஞ்சவங்களத் தேடிப் பேசுன்னு சொல்லிக் குடுத்திருக்கறாங்க. இவ பஸ் புடிச்சுப் போயி, மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல இருக்கற டீக்கடைல உக்காந்திருக்கறா. அங்க வந்த புள்ளைங்ககிட்டப் பேசியிருக்கறா. பக்கத்துல துணி தேச்சுக் குடுக்கற அம்மாகிட்டயும் கேட்டிருக்கறா. இவளுக்கு முன்னால இருந்த புள்ளைக மூணு பேரு நம்பரும் வாங்கி, மூணு பேருகிட்டயும் பேசியும் போட்டா. கணக்கு வேலைங்கறது பேருக்குத்தானாம். முதலாளி பேரனைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வர்றது, வந்தவங்களுக்கு டீ ஊத்தறது, கடைசி பஸ் போனதுக்கப்புறம்தான் ஊட்டுக்கு விடறது. ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகலையாம், பாருங்க!

"மொளச்சு மூணு எலை விடலை, உனக்கு யாரு இந்த டீக்கடைப் புத்தியெல்லாம் சொல்லிக் குடுத்தது?"ன்னு கத்துனேன்.

"நீங்கதானுங்கப்பா"ன்னா.

எனக்குச் சுத்தமாப் புரியலீங்க. நான் எங்க மில்லைப் பத்தி விசாரிச்சேன்? புள்ள சின்னதா இருக்கறப்ப மொபெட்டுல முன்னால நிக்க வெச்சுட்டு மாப்பிள்ளை விசாரிக்கப் போவேன், வாஸ்தவம். மாப்பிள்ளை ஊட்டுக்குப் போக மாட்டேன். அந்தத் தெரு முக்குல டீக்கடை, சலூனு, தேய்ப்புக்கடை, அங்கதான் உண்மை கெடைக்கும். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? கோவத்துல அவகூடப் பேசறதையே விட்டுட்டேன். நல்லசாமி மூஞ்சில எப்புடி முழிக்கறதுன்னு பெருந்துறைப் பக்கமே போகலீங்க. பங்குனி வேற பொறந்துருச்சு. புள்ள இன்டர்வியூவுக்குப் போறா, வாடுன மூஞ்சியோட வர்றா. சனிக்கெழமையானா கதவைச் சாத்திக்கிட்டு மேடத்துகிட்டப் பேசறா, கண்ணாடி முன்னால நின்னு தன்னப்போலப் பேசிப் பழகறா. சோறு எறங்க மாட்டீங்குது அவளுக்கு. சத்தியமங்கலத்துக்காரங்க நாள் பாக்கலாமான்னு கேக்கறாங்க. எனக்கும் மனசு சங்கடந்தானுங்க, இல்லீன்னு சொல்ல மாட்டேன்.

அப்பத்தான் காலேஜ்ல ஒரு விழா வெச்சாங்க. பழைய மாணவருக, கம்பெனிக்காரங்க எல்லாரும் ஒரு ஹால்ல கூடுவாங்களாம், புள்ளைங்க தானாப் போய்ப் பேசி அறிமுகமாகோணுமாம். பெத்தவங்களுக்கு அழைப்பு இல்லை. ஒரு விசேசம்னா பெத்தவன் இல்லாம எப்புடிங்க? அழைக்காட்டி போகுது, எம்பட மொறைய நான் செய்யோணும்ல? பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு எல்லாம் எடுத்துட்டு நான் போயிட்டேன். வாசல்ல நின்னுக்கிட்டு வர்ற கம்பெனிக்காரங்க மேல பன்னீரு தெளிக்கறேன், ஒருத்தரு லேப்டாப்பத் தூக்கிட்டு ஓடறாரு. இந்துஜா என்னயப் பாத்துட்டு அப்புடியே நின்னுட்டா.

ஜெசிந்தா மேடம் ஓடி வந்தாங்க. அன்னைக்குத்தான் நேர்ல பாக்கறேன். கையப் புடிச்சு, "அப்பா, நல்ல வேளை வந்தீங்க. உங்களாட்ட ஒருத்தர் இல்லாமத்தான் தவிச்சேன். டீ வெச்சிருக்கற எடத்துல நின்னு வர்றவங்களைக் கவனிச்சுக்கோங்க. அந்த எடத்தை விட்டு மட்டும் நகரக் கூடாது"ன்னாங்க. பொறுப்புன்னா யாருகிட்டக் குடுக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியுதுல்ல? எம்மேல நெம்ப மரியாதை அவங்களுக்கு.

டீ குடிக்க வந்தவங்க ஒருத்தரையும் நான் சும்மா விடலீங்க. ஊரு கேட்டேன், பேரு கேட்டேன். கல்யாணமாகாத பசங்க மட்டும் ஏழெட்டுப் பேரு அகப்பட்டாங்க. மூச்சு விடாமப் பேசறேன். நடுவுல நிமிந்து பாத்தா, ஹாலுக்கு அந்தக் கோடில எம்பட புள்ள நிக்கறா. தம்பி, நானே அவளை அப்புடிப் பாத்ததில்லீங்க. ஒருத்தருகிட்டப் போறா, பேரு சொல்றா, கேக்கறா. அவங்க சொல்றதைத் தலையச் சாச்சுக் கேக்கறா. சிரிக்கறா. மறுபடி கேக்கறா. பெரிய பெரிய ஆளுகளெல்லாம் இவகிட்ட நின்னு நின்னு பதில் சொல்றாங்க. ஊட்ல வாயத் தொறக்காத புள்ளைக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எல்லாம் நான் பேசறதைக் கேட்டுக் கேட்டு வளந்ததுதான், வேற என்ன?

அப்பறம் ஷர்மிளா மேடம்னு ஒருத்தங்களைக் கூட்டிட்டு டீ குடிக்க அவளே இந்தப் பக்கம் வந்தா. கோயமுத்தூர்ல துண்டு, பெட்சீட்டு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனில பெரிய அதிகாரி அவங்க. "ஒரு மில்லுல வேலை குடுத்தும் வேண்டாம்னுட்டியாமே, ஏம்மா?"ன்னு கேக்கறாங்க.  ஏதாச்சும் பூசி மொழுகலாம்னு முன்னால ஒரு அடி வெச்சேன். ஜெசிந்தா மேடம் குறுக்க வந்து, "அப்பா, நீங்க இன்னும் டீ குடிக்கவே இல்லையே"ன்னு கைல ஒரு டம்ளரைத் திணிச்சுட்டாங்க.

இந்துஜா கொஞ்சங்கூடத் தயங்கலீங்க. நடந்ததை நடந்த மாதிரியே சொல்றா. மில்லு பேரைச் சொல்லலை, அந்தப் பக்குவம் இருக்குது. "எங்கப்பா கல்யாணத் தரகருங்க மேடம். மாப்பிள்ளையப் பத்தி மாப்பிள்ளை ஊட்ல கேக்க மாட்டாரு, தெருமுக்குல கேப்பாரு. அதைப் பாத்துத்தான் நானும் விசாரிச்சேன். ஜெசிந்தா மேடம் யாருகிட்ட என்ன கேக்கோணும்னு சொல்லிக் குடுத்தாங்க"ன்னா.

அந்தம்மா டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. "எங்க கம்பெனிக்குச் சின்னச் சின்னத் தறிக்கூடத்துல இருந்துதாம்மா துணி வருது. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி, அங்க வேலை செய்யறவங்களை ஒழுங்கா நடத்தறாங்களா, சொன்ன சரக்கைச் சொன்ன மாதிரிக் குடுப்பாங்களான்னு பாத்துட்டு வர ஆளு வேணும். நாங்க அனுப்பற ஆளுக முதலாளி ரூம்ல காபி குடிச்சுட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்துடறாங்க. நீ டீக்கடைக்குப் போவல்ல?"ன்னாங்க.

"முதல்ல அங்கதானுங்க போவேன்"னா எம்பட புள்ள.

அவங்க இன்னும் என்னென்னவோ கேட்டாங்க, டேலில என்னமோ கேட்டாங்க, தெரியாததைத் தெரியாதுன்னே சொன்னா. நான் தெரியும்னு சொல்லியிருப்பேன். கடைசில அவங்க, "ஆனா கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கோணும், ஊரூராப் போகோணும். வீட்டுல என்ன சொல்லுவாங்க?"ன்னு கேட்டாங்க. இந்துஜா மெல்ல என்னயத் திரும்பிப் பாத்தா. ஜெசிந்தா மேடமும் பாத்தாங்க. "இவருதான் அப்பா"ன்னாங்க.  புள்ளை கையி பைலைப் புடிச்சிருக்கற புடில வெரலெல்லாம் வெளுத்துப் போச்சு.

நான் சொல்றதுக்கு எத்தனையோ இருந்துச்சுங்க தம்பி. சத்தியமங்கலம் இருந்துச்சு, வைகாசி இருந்துச்சு. சபைல பேசறது எனக்கென்ன புதுசா? வாயத் தொறந்தேன். பாழாப்போன தொண்டை, மத்தியானத்துல இருந்து அத்தனை பேருகிட்டப் பேசுனதுல கட்டிக்கிச்சு. ரெண்டு வார்த்தைக்கு மேல வரலீங்க.

"அவளையே கேளுங்க"ன்னேன்.

தொண்டை மட்டும் நல்லாருந்துச்சுன்னா நானே பேசி முடிச்சிருப்பேன், அது வேற விசயம். அவ, "நான் வர்றேனுங்க மேடம்"னு சொல்லிப்போட்டு, ஓடி வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டா. அத்தனை பேரு முன்னால அழுதுட்டே சிரிக்கறா. எனக்கு அப்புடி ஒரு சந்தோசமுங்க. எத்தனையோ கல்யாணம் முடிச்சு வெச்சிருக்கறேன், ஒரு பொண்ணு மூஞ்சில அந்தச் சிரிப்பை நான் பாத்ததில்லை.

இப்ப வேலைல சேந்துட்டா. அவளைப் பாக்கத்தான் போறேன், ருக்குமணி முறுக்கு சுட்டுக் குடுத்திருக்கறா, நீங்க ஒண்ணு எடுத்துக்கோங்க. கூச்சப்படாதீங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, இந்த வேலைய வாங்கிக் குடுத்தது யாரு? காலேஜ்ல எல்லாரும் ஜெசிந்தா மேடத்துக்குக் கை தட்டுனாங்க, பாராட்டுனாங்க. டீக்கு நின்ன என்னயப் பத்தி ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லலீங்க. இது நாயமா?

காலைல பஸ் ஏறறேன், சத்தியமங்கலத்துக்காரரு போன் பண்றாரு. "என்னங்க, வைகாசி வந்துருச்சு, நாள் குறிச்சுரலாமா? பொண்ணு சம்மதந்தானுங்களே?"ன்னாரு. சம்மதந்தான்னு ஒரே வார்த்தைல முடிச்சிருக்கலாம். இந்தத் தொண்டை இருக்குதே, இன்னும் சரியாக மாட்டீங்குதுங்க தம்பி. புள்ள நம்பரைக் குடுத்து, அவளையே கேளுங்கன்னு சொல்லிப்போட்டேன்.